வாகனம் மோதாத விபத்து

நியூசிலாந்தின் பாபகூராவில் முதியோர் இல்லமொன்றில் சமைக்கும் அன்னபாக்கியம், வலது தோள் நோவோடு ஒரு கிழமையாக இடது கையால் கறி கிளறினார். மருத்துவக் காப்புறுதி இல்லாததால் டொக்டரிடம் போகத் தயங்கினார். கடைசியில் நோவு தாங்காமல் கிளினிக்குக்குப் போனபோது, அங்கே தாதியாக இருந்த நிருஜா விசாரித்தாள்.

"எப்பிடி வந்தது அன்ரி?"

"வீட்டில ஸ்டூலில ஏறி அண்டா எடுக்கேக்க சறுக்கி விழுந்திட்டன்."

"அப்ப இது அக்சிடென்ட். விபத்தில காயப்பட்டா, அரசாங்கத்தின்ர ஏசிசி திட்டம் வைத்தியச் செலவில பங்கு குடுக்கும். காப்புறுதி தேவையில்லை."

விபத்தென்றால் வாகனம் மோத வேண்டும் என்றே அன்னபாக்கியம் இதுவரை நினைத்திருந்தார்.

"என்ர பிழையாலதானே பிள்ளை விழுந்தன்?"

"ஆரின்ர பிழையெண்டு ஏசிசிக்காரர் பாக்கிறேல்லை."

நோவை மறந்து அவர் கேள்விகளை அடுக்கினார்.

"விழாமல், வயசு போய்த் தோள் நொந்தா?"

"அது விபத்தில்லை, வருத்தம், நோய். அரசாங்க ஆஸ்பத்திரியில காத்திருக்கோணும், இல்லாட்டிக் காப்புறுதி வேணும்."

"நாய் கடிச்சா?"

"அதுவும் விபத்துத்தான்," என்று நிருஜா சிரித்தாள்.

ஏசிசி உதவியோடு, தோளுக்குப் பயிற்சி கொடுக்கும் பிசியோவிடம் போய்வரத் தோள் மெல்ல மெல்லச் சுகமானது. இப்போது வேலையிடத்தில் யாராவது நொண்டினால், விழுந்தீர்களா, தானாக வந்ததா என்று அன்னபாக்கியம் ஆவலோடு விசாரிக்கத் தொடங்கிவிடுகிறார்.