மூன்று குரலுக்கு ஒரே ஒலிபெருக்கி

"பப்பாளி. சீனி. கருவாடு."

மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்துக்கொண்டு நாகூர் மீரான் இந்த மூன்று சொற்களையும் சொல்கிறார். கழுத்தைச் சாய்த்துக் கேட்கிறார். திருப்தியில்லை. மறுபடியும் பப்பாளி, சீனி, கருவாடு. எங்கள் காஜா பெராங் வட்டாரத்தில் கல்யாணமோ கோயில் திருவிழாவோ, எதுவானாலும் முதலில் தெருவெங்கும் இந்தச் சந்தைப் பட்டியல்தான் கேட்கும்.

"பப்பாளியில 'ப' வெடிக்கக் கூடாது. சீனியில 'சீ' சீறக் கூடாது. கருவாடு கருவாடாவே கேக்கணும். அப்புறம்தான் மனுசன் பேசலாம்" என்பார்.

ஐம்பதைத் தொடும் வயது. மெலிந்து நீண்ட உருவம். தலையில் சொங்கோக் தொப்பி, காதில் பென்சில் செருகுவதுபோல் ஒரு திருப்புளி. சட்டை முழுவதும் ஈயம் தெறித்த பொட்டுப் பொட்டான ஓட்டைகள். ஓர் ஆம்ப்ளிஃபயர், இரண்டு குழாய் ஒலிபெருக்கிகள், ஒரு கிராமபோன்: இவற்றைச் சைக்கிள் வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளேபாங்கிலிருந்து பண்டார் ஹிலிர்வரை போய்வருகிறார். இரண்டு சத்தம் ஒன்றாகக் கேட்டால் அவருக்குப் பொறுக்காது. "வீட்டுல ரேடியோ பாடுனா நான் அம்மி அரைக்கக் கூடாது. பிள்ளைங்க ரெண்டு பேரு சேர்ந்து பேசுனா எழுந்திரிச்சு வாசலுக்குப் போயிருவாக" என்று அவர் மனைவி மஜீதா என்னிடம் குறைப்பட்டார்.

எந்த விசேஷத்துக்குப் போனாலும் யாராவது வந்து குமிழைத் திருகுவார்கள். மாப்பிள்ளையின் மாமா, பஜனைக் கோஷ்டித் தலைவர், தேர்தல் வேட்பாளரின் மைத்துனர். "கச்சாவ் பண்ணாதீங்க" என்று ஒரு நாளைக்கு ஐம்பது முறையாவது சொல்லிவிடுகிறார். ஒருவரும் கேட்பதில்லை.

சென்ற ஆண்டு ஆகஸ்டு முப்பத்தொன்றாம் தேதி காலை நான் அவர் பக்கத்திலேயே இருந்தேன். கோலாலம்பூரில் நடக்கும் சுதந்திர விழாவை வானொலியில் வாங்கி ஒலிபெருக்கி வழியாக ஊருக்குக் கேட்கவைக்க வேண்டும் என்பது எங்கள் வட்டாரக் கொண்டாட்டக் குழுவின் ஏற்பாடு. பள்ளிக்கூடத்துப் பாடாங் திடலில் விடியும் முன்பே கூட்டம் சேர்ந்துவிட்டது. மலாய்க்காரர், சீனர், தமிழர், மலாய் பேசும் செட்டிக் கம்போங்குக்காரர், எல்லாரும் வந்திருந்தார்கள்.

கோலாலம்பூரில் மழை, விழா தள்ளிப்போகிறது என்று வானொலி சொன்னதுதான் தாமதம், குழுச் செயலாளர் சேதுராமனுக்கு யோசனைகள் பிறந்துவிட்டன.

"பாய், சும்மா இருந்தா ஜனங்க கலைஞ்சிடுவாங்க. நம்ம குழுத் தலைவர் பேசட்டும். பின்னாலே மெல்லிசா நாதஸ்வர ரெக்கார்டு ஓடட்டும். ரேடியோவும் அதுபாட்டுக்கு இருக்கட்டும். எப்ப ஆரம்பிக்கும்னு தெரியாதில்லே?"

"மூணையுமா? ஏங்கனி, இந்தப் பெட்டிக்கு இருக்கறது ரெண்டே துளை. மைக்குக்கு ஒண்ணு, ரெக்கார்டுக்கு ஒண்ணு."

"ரெக்கார்டு கம்பியோட ரேடியோ கம்பியை முறுக்கிவிடுங்க. எல்லாம் போலே, நடக்கும்."

முறுக்கினார். வாயைத் திறந்த குழாயிலிருந்து தகரக் கொட்டகைமேல் கல்மாரி பெய்வதுபோல் ஒரு சத்தம் வந்தது. அதற்குள்ளே எங்கோ நாதஸ்வரம், எங்கோ தலைவர் நல்லையா.

"குழாய் ரொசாக்" என்றார் சேதுராமன்.

மீரான் குழாயை மாற்றினார். அதே கரகரப்பு. தென்னை மரத்தில் ஏறி ஒயரைப் பார்த்தார். ஒயரில் பழுதில்லை. இறங்கி வந்து ஆம்ப்ளிஃபயரின் வால்வைக் கழற்றி வேறு போட்டார். பலனில்லை. பிறகு எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு ஒவ்வொன்றாக மாட்டினார். மைக் மட்டும்: கருவாடு கருவாடாகவே கேட்டது. ரெக்கார்டு மட்டும்: தேன். ரேடியோ மட்டும்: அறிவிப்பாளர் மூச்சு விடுவதுகூடக் கேட்டது. மூன்றையும் சேர்த்தால் மறுபடி கல்மாரி.

"பாத்தீங்களா? ஒண்ணுலயும் குத்தமில்லே. ஒண்ணு கேக்கலேன்னு நீங்க ரேடியோவைத் திருகுறீங்க. அந்தச் சத்தத்துல தன் பேச்சு அமுங்குதுன்னு தலைவர் மைக்கை முழுங்குறாரு. அதுக்காக ரெக்கார்டைக் கூட்டச் சொல்றீங்க. இந்தப் பெட்டி எவ்வளவுதாங்கனி தாங்கும்? ரெண்டை நிறுத்துங்க."

"தலைவரை எப்படிப் பாய் நிறுத்தறது?" என்று சொல்லிக்கொண்டே சேதுராமன் மறுபடி குமிழைத் திருகினார்.

அப்போது புக்கிட் ரம்பாயிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்த பூங்காவனம் என்ற தோட்டத்து அம்மாள் மேசை முன் வந்து நின்றார். "ஏன் பாய், எங்க லயத்துல ரேடியோ கிடையாது. விழாவைக் கேட்டு வந்து சொல்லுன்னு என்னை அனுப்பியிருக்காங்க. நான் போயி என்னத்தச் சொல்ல? ஒண்ணுமே வெளங்கலையே!"

மீரான் ரேடியோப் பெட்டியோடு காதை ஒட்டவைத்தார். அவர் முகம் மாறியது. விழா தொடங்கிவிட்டது. மேடையில் நல்லையா மலாயாவின் இரயில்வே வரலாற்றில் இருந்தார்.

மீரான் ரெக்கார்டு ஊசியைத் தூக்கினார். மைக் ஒயரைப் பிடித்து ஒரே இழுப்பு.

தலைவரின் வாய் மட்டும் சிறிது நேரம் அசைந்துகொண்டிருந்தது. பாடாங் முழுவதும், தூசு துடைத்த கண்ணாடிபோல் தெளிவாக, பிரகடனம் வாசிக்கும் குரல் எழுந்தது. கூட்டம் அப்படியே எழுந்து நின்றது.

நல்லையா மேடையிலிருந்து இறங்கி வந்தார். "என்ன ஐசே, மைக் செத்துப்போச்சுதோ?"

"சாகலீங்க ஐயா. நான்தான் புடுங்குனேன்."

"நான் பேசிக்கொண்டெல்லோ இருக்கிறன்! இனி இந்த வட்டாரத்தில உம்மை ஆர் கூப்பிடுறான் எண்டு பாக்கிறன்!"

"கூப்பிடாட்டி போறாக. இப்ப சத்தம் போடாதீங்க ஐயா, ரேடியோ பேசுது."

நல்லையா திகைத்துப்போய் அங்கேயே நின்று கேட்கத் தொடங்கினார்.

பிரகடனம் முடிந்ததும் குழாயிலிருந்து "மெர்டேக்கா!" என்ற விடுதலை முழக்கம் வந்தது. பாடாங் திருப்பி முழங்கியது. இரண்டாவது முழக்கத்துக்கு இன்னும் பலமாக. மூன்றாவதில் பூங்காவனம் இரு கைகளையும் உயர்த்திக் கத்திக்கொண்டிருந்தார். தலைவரும் கத்தினார். குழாயின் ஓசையும் மனிதர்களின் ஓசையும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, எது எதுவென்று பிரிக்க முடியாமல் கலங்கின.

மீரான் நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்தார். பிறகு ஆம்ப்ளிஃபயரின் குமிழை இடப்பக்கமாக, மெல்ல மெல்ல, ஜனங்களின் குரல் மட்டுமே கேட்கும்வரை குறைத்தார்.