கப்பல்காரர்களுக்கு நான் கற்றுக்கொடுத்த மரியாதை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் மயிலாப்பூர்ப் பள்ளியொன்றில் நான் இங்கிலீஷ் வாத்தியார். ஞாயிறு காலைகளில் தேனாம்பேட்டையில் ஒரு கொட்டகையில் கப்பல்காரர்களுக்கும் வகுப்பு எடுத்தேன். பன்னிரண்டு பேர், எல்லாரும் டெக்கில் எடுபிடி வேலை செய்யும் கலாசிகள். சுக்கான் பிடிக்கும் சுக்கானியாக உயர வேண்டுமானால் துரை போடும் இங்கிலீஷ் உத்தரவு புரிய வேண்டும். எனக்கு வயது இருபத்து நான்கு. கப்பலைக் கரையிலிருந்து பார்த்ததோடு சரி.

முதல் நாள், "ஓபன் யுவர் புக்" என்றேன். முன் வரிசையில் காதர் பாய் எழுந்து, "ஓபன் யுவர் புக், சார்!" என்று கொட்டகை அதிரக் கத்திவிட்டுப் புத்தகத்தைத் திறந்தார். என் அப்பா வயது மனிதர். கேலி செய்கிறார் என்று எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

"சொன்னதையே திருப்பிச் சொல்ல நீங்க என்ன கிளிப்பிள்ளையா, பாய்? 'எஸ் சார்'னு அடக்கமாச் சொல்லுங்கோ."

"அது இல்ல வாத்தியாரே, கப்பல்ல..." என்று ஆரம்பித்தார். நான் விட்டால்தானே! மூன்றே மாதத்தில் பன்னிரண்டு பேரும் பூனைக்குட்டி மாதிரி "எஸ் சார்" சொன்னார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பரீட்சை நடத்த ஒரு கப்பல் துரை வந்தார். சுக்கானுக்குப் பதிலாக மாட்டு வண்டிச் சக்கரம் ஒன்றைக் கம்பத்தில் பொருத்தியிருந்தோம்.

"ஸ்டார்போர்ட் டென்" என்றார் துரை. காதர் பாய் "எஸ் சார்" என்று முனகிவிட்டுச் சக்கரத்தை வலப்பக்கம் பத்து டிகிரி சரியாகவே திருப்பினார். துரை அவர் பெயரை அடித்துவிட்டார்.

"இவன் காதில் என்ன விழுந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்? உத்தரவைத் திருப்பிச் சொல்லாதவன் கையில் கப்பலைக் கொடுக்க மாட்டேன்" என்றார் இங்கிலீஷில்.

காதர் பாய்க்கு முகம் சுண்டிப்போனது. பதினைந்து வருஷம் டெக் தேய்த்தவர். அப்போதும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது. எழுந்து நின்று, "வகுப்பில் அவர் ஒழுங்காகத் திருப்பிச் சொன்னவர்தான். வேண்டாம் என்று தடுத்தவன் நான்" என்றேன்.

துரை என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார்.

"ஹார்ட் எ போர்ட்!"

காதர் பாய் அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"சொல்லுங்கோ, பாய்."

"ஹார்ட் எ போர்ட், சார்!" சக்கரத்தை இடப்பக்கம் முழுக்கத் திருப்பியதில் கம்பமே ஆடியது. அன்று பன்னிரண்டு பேரும் தேறினார்கள்.

வெளியே வந்ததும் காதர் பாய் என் தோளில் தட்டினார். "இன்னா வாத்தியாரே, மொதல்லயே எங்கள ஒரு வார்த்த கேட்டிருந்தா இவ்ளோ பேஜார் இல்லியே?"

அதற்குப் பிறகு எந்தப் புது வகுப்பிலும் முதல் நாள் நான் பாடம் நடத்தியதில்லை. "உங்க வேலையில எப்படிப் பேசிப்பேள்?" என்று கேட்டுவிட்டு, பெஞ்சியில் அவர்களோடு உட்கார்ந்துவிடுவேன்.