அப்பாவின் பெட்டியில் நாலு ஓட்டை

என் வீட்டுக்காரர் தன்னைப் பெரிய மெக்கானிக் என்று சொல்லிக்கொள்வார். சொல்லட்டும். என்னைக் கட்டுவதற்காக ஓர் இரும்புப் பெட்டியில் நாலு ஓட்டை போட்ட கதையை மட்டும் யாரிடமும் வாய் திறக்க மாட்டார். அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

அப்போது நாங்கள் ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் இருந்தோம். அப்பா அங்கே ஆட்களை வேலை வாங்கும் கங்காணி. அவரிடம் ஒரு பழைய வால்வு ஆம்பிளிபயர் இருந்தது. சுற்றுவட்டாரத் தோட்டங்களில் கோயில் கல்யாணமோ திருவிழாவோ, அதுதான் பாடும். பெற்ற பிள்ளைகளைவிட அதைத்தான் அதிகம் துடைப்பார். புதிதாக ஒரு ரெக்கார்ட் பிளேயரும் மைக்கும் வாங்கி வந்தார். அவற்றின் வயர் முனை பழைய பெட்டியில் பொருந்தவில்லை. பெட்டியின் இரும்பைக் குடைந்து புது சாக்கெட் வைக்க வேண்டும். பதுளை டவுனில் ரேடியோ திருத்தும் கடையில் வேலை பார்த்த இவரைத்தான் கூப்பிட்டார்கள்.

இதில் ஒரு வில்லங்கம். முந்தின வாரம்தான் இவருடைய அம்மா என்னைப் பெண் கேட்டு வந்திருந்தார். "மகன் வேலை எப்படின்னு பாத்துட்டுச் சொல்றேங்க" என்று அப்பா அனுப்பிவிட்டார். எனக்கோ இவரைப் பிடித்துத் தொலைத்திருந்தது. ஆக, அந்த நாலு ஓட்டைதான் பரீட்சை. லயத்தில் வரிசையாக இருந்த அத்தனை வீட்டுக்கும் அது தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை வந்தார். வால்வுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி எங்கள் சுளகில் அடுக்கினார். பிறகு என்னைப் பார்த்து, "கொஞ்சம் ரொட்டி மாவு பிசைஞ்சு தர்றீங்களா?" என்றார்.

"திங்கவா வந்தே, தம்பி?" என்றார் அப்பா.

ஓட்டை போடும் இடத்துக்கு உள்பக்கமாக அந்த மாவை அப்பினார். வெளியிலிருந்து கையால் சுற்றும் துரப்பணத்தை வைத்து மெல்லக் குடைந்தார். இரும்புத் தூள் ஒன்றுகூடப் பெட்டிக்குள் சிந்தவில்லை, எல்லாம் மாவில் ஒட்டிக்கொண்டது. பிளேயருக்கு ரெண்டு, மைக்குக்கு ரெண்டு. ஓட்டையின் விளிம்பில் பெயின்டைச் சுரண்டி சாக்கெட்டை முறுக்கினார். லயத்தில் ஏது கரண்ட்? ஈயம் பற்றவைக்கும் இரும்பை எங்கள் அடுப்பில்தான் பழுக்க வைத்தார். ஊதி ஊதி முகமெல்லாம் சாம்பல். நான் சிரித்ததில் இரண்டு முறை சுட்டுக்கொண்டார்.

மாரியம்மன் கோயிலுக்கு மட்டும் தேயிலை பெக்டரியிலிருந்து கரண்ட் உண்டு. அதனால் திருவிழா அன்று காலையில்தான் பெட்டியைப் போட்டுப் பார்க்க முடியும். புறப்படும் முன் நான் சும்மா இருந்திருக்கலாம். இருந்தேனா? எங்கள் வீட்டில் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி வாங்கினால்கூடப் பொட்டு வைக்காமல் வெளியே போகாது. நாலு சாக்கெட்டுக்கும் சந்தனம், குங்குமம். உதிர்ந்துவிடக் கூடாதே என்று விரலால் நன்றாக அழுத்தியும் விட்டேன்.

கோயிலில் ஊரே கூடியிருந்தது. சுவிட்சைப் போட்டார்கள். 'ங்ங்ங்' என்று ஓர் இரைச்சல், அவ்வளவுதான். பாட்டைக் காணோம்.

"பத்து வருசமா பாடுன பொட்டி, தம்பி. நீ கை வச்சதும் ஊமையாயிருச்சு" என்றார் அப்பா.

இவர் வயரைப் பிடுங்கினார். முனையெல்லாம் என் சந்தனம். அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தீக்குச்சியாலும் வேட்டி நுனியாலும் நாலு ஓட்டையையும் துடைத்து மறுபடி செருகினார். பாட்டு எழும்பியது.

"ஈயம் சரியாப் புடிக்கலீங்க. என் தப்புதான்" என்றார்.

"சாமி முன்னால தலைகுனிய வச்சிட்டியேப்பா. ஒங்கம்மாவை வேற எடம் பாக்கச் சொல்லு." சொல்லிவிட்டு அப்பா லயத்துப் பக்கமாகப் படியிறங்கத் தொடங்கினார்.

அட மனுசா, உண்மையைச் சொன்னால் என்ன, நாக்கா அழுகிவிடும்? இவர் குனிந்தபடி வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். எனக்கு வந்ததே ஆத்திரம்! இந்தச் சத்தத்தில் நான் கத்தினால் அப்பா காதில் விழாது. பிளேயரின் முள்ளைத் தூக்கிவிட்டு மைக்கைப் பிடித்தேன்.

"அப்பா, நில்லுங்க! ஓட்டைக்குள்ள சந்தனத்தை அப்புனது நான்தான். அவரு மேல ஒரு தப்பும் இல்ல. என்னையக் காப்பாத்தப் பொய் சொல்றாரு. எனக்கு வேற எடம் வேணாம்!"

மரத்தில் கட்டியிருந்த ஒலிபெருக்கிக் குழாய்கள் அத்தனையும் சொல்லின. எதிர்மலை திருப்பிச் சொன்னது. பொங்கல் கிண்டிக்கொண்டிருந்த பெண்கள் அகப்பையோடு நின்றார்கள். அப்பா படியில் நின்றார். பிறகு ஒவ்வொரு படியாக ஏறி வந்தார். அறை நிச்சயம் என்று கன்னத்தைக் கெட்டியாக்கிக்கொண்டேன்.

என் கையிலிருந்த மைக்கை வாங்கிக் கம்பத்தில் மாட்டினார். அது இன்னும் 'கீ' என்று கூவிக்கொண்டிருந்தது. இவர் பக்கம் திரும்பினார்.

"சத்தத்தைக் கொஞ்சம் கொறைங்க, மாப்பிள்ளை" என்றார். "காது வலிக்குது."

எனக்கு அழுகை வந்துவிட்டது. இவர் குமிழைத் தப்பான பக்கம் திருகியதில் சத்தம் கூடித்தான் போனது.