உஹ்குவுக்கு ஒரு வாக்கியம்

தலைநகரத்து அகராதிக்காரர்கள், வட்டாரச் சொற்களைச் சீட்டில் எழுதி அனுப்பச் சொல்லி ஊரூராகக் கடிதம் போட்டிருந்தார்கள். சீட்டுக்கு ஒரு சொல். அதன் பொருள், வேற்றுமை வடிவங்கள், கடைசியில் ஒரு வாக்கியம். வாக்கியம் மட்டும் கற்பனையாக இருக்கக் கூடாது. யாரோ சொல்லி, எழுதுபவர் காதால் கேட்டதாக இருக்க வேண்டும்.

அந்த விதியைப் படித்த பிறகுதான், பெரிய பண்ணையில் பால் கறக்கும் சைமி பென்சிலை எடுத்தாள்.

அவள் எழுதிய சொல் உஹ்கு. உறைந்த ஏரியின் மேல், பனிக்கு அடியில் ஊறி நிற்கும் தண்ணீர். மேலே வெள்ளை வெளேரென்று தரை போலத் தெரியும். கீழே பனிக்கட்டி இறுகாமல் மெலிந்து கிடக்கும். உஹ்கு, உஹ்குன், உஹ்குவா என்று வடிவங்களை எழுதினாள்.

பிறகு வாக்கியம். ஆறு ஆண்டுகளுக்கு முன், ஒரு மார்ச் காலையில், மரம் ஏற்றிய சறுக்குவண்டியோடு நின்ற அவள் கணவன் தானேலி சொன்னது:

"மேஸ்திரி, ஏரி பூரா உஹ்கு. குதிரை தாங்காதுங்க."

அதன் கீழேயே, மரக்கம்பெனி மேஸ்திரி ரெய்னிக்கா சொன்னதையும் எழுதினாள்: "பயமா இருந்தா வீட்டுக்குப் போ. நாளையிலேர்ந்து வராத."

சாப்பாடு கொண்டுபோன சைமி பக்கத்திலேயே நின்றாள். வீட்டில் மூன்று பிள்ளைகள். தானேலி குதிரையை ஏரியில் இறக்கினான். பனி உருகிய பிறகுதான் உடல் கிடைத்தது.

குடித்துவிட்டு ஓட்டினான் என்று விசாரணையில் எழுதினார்கள். காப்பியைத் தவிர எதையும் தொடாதவன்! மனைவி சொல் சாட்சியாகாதாம். பாதிரியார் இறைவன் சித்தம் என்றார். இறைவனுக்கு மரக்கம்பெனியில் பங்கு இருந்ததோ என்னவோ.

தபால் வாங்கும் கடைக்காரன் ஆர்மாஸ், ஒட்டாத உறையிலிருந்து சீட்டை உருவிப் படித்துப் பார்த்தான்.

"என்ன சைமி, மாடெல்லாம் இனி இலக்கணம் பேசுமா?"

"உன்னவிட நல்லாப் பேசும். ஒட்டி அனுப்பு."

"நாலு வரி எழுதி ரெய்னிக்காவ என்ன பண்ணிடுவ?"

"ஒண்ணும் பண்ண வேணாம். அவன் சொன்னது எங்கியாவது எழுத்துல இருக்கணும்."

பதினோரு ஆண்டுகள் கழித்து, அகராதியில் உஹ்கு வரும் தொகுதி ஊர் நூலகத்துக்கு வந்தது. சைமி கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு பக்கத்தைத் திருப்பினாள். பொருள் சரி. வடிவங்கள் மூன்றும் சரி. வாக்கியம்: "ஏரி பூரா உஹ்கு." அவ்வளவுதான். தானேலி இல்லை, மேஸ்திரி இல்லை, குதிரைகூட இல்லை.

"உங்க வாக்கியம் அச்சுல வந்துடுச்சே, சைமியக்கா!" என்றாள் நூலகப் பெண்.

"பாதிதான் வந்திருக்கு."

"முழுசும் போட இடம் பத்தாதில்ல."

புத்தகம் அறுநூறு பக்கம். சைமி அதை மூடி வைத்துவிட்டு மாலைக் கறவைக்குப் போனாள்.