பச்சை பஸ்ஸோடு என்னையும் விற்ற கதை

1. பிளேடு

அன்று காலை ஆரணி பஸ் ஸ்டாண்டுக்குள் நுழைந்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் கண்டக்டராக இருந்த பச்சை பஸ்ஸின் கண்ணாடியில் கம்பெனி பெயரை ஸ்டிக்கர்காரர் பிளேடால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"யோவ், யாரைக் கேட்டு கை வெச்ச?" என்று கத்தினேன்.

"உங்க ஓனருதான் போன் பண்ணாரு. இனிமே இதுவும் மஞ்ச பஸ் கம்பெனிதானாம்" என்றார், திரும்பிக்கூடப் பார்க்காமல்.



2. பாதி டிக்கெட்

புதிதாக இந்த லைனுக்கு வரும் தம்பிகளுக்கு விஷயம் தெரிய வேண்டும். முள்ளிப்பட்டு ரூட்டில் எங்களுக்கும் மஞ்சள் பஸ்ஸுக்கும் ஏழாம் பொருத்தம். எங்கள் டைமிங்குக்கு முன்னால் வண்டியை எடுத்து ஆளை அள்ளுவார்கள். நான் சட்டையைப் பிடிக்கப் போவேன். கூடுதல் சம்பளம் சொல்லி எங்கள் டிரைவரை இழுத்தார்கள், என்னையும் கூப்பிட்டார்கள். பர்மிட்டை விலைக்குக் கேட்டார்கள். "நான் உயிரோட கீற வரைக்கும் நடக்காது" என்றார் எங்கள் ஓனர். அந்தப் பேச்சை நம்பித்தான் நான் போகவில்லை.

கடைசியில் பாதி டிக்கெட்டில் ஓட்டினார்கள். ஜனம் அதில் ஏறியது. ஆனால் முள்ளிப்பட்டு நெசவுக்காரர்கள் வீட்டில் நெய்த பட்டுப்புடவை மூட்டை மட்டும் என்னிடம்தான் வந்தது. ஆரணியில் தறி வேலை கொடுத்தவர் கடையில் நானே கொண்டுபோய்ச் சேர்ப்பேன். ரசீது கிடையாது, வாய்ப்பேச்சுதான்.

"பாதி டிக்கெட்டுன்னா நான் அதுல போறேன். பொடவ உன்கூடவே வரட்டும் மணி" என்று சிரிப்பார் நெசவுக்கார சரோஜாக்கா. எனக்கு எரிச்சலும் வரும், பெருமையும் வரும்.

3. புது ஓனர்

சுரண்டி முடிப்பதற்குள் மஞ்சள் பஸ் ஓனரே வந்துவிட்டார்.

"சண்ட போட்டுகினு இருந்தவன் நீதான? ஏறு, வண்டிய எடுக்கலாம்."

"எங்க ஓனரு எதுக்குங்க வித்தாரு?"

"கேட்ட வெல குடுத்தேன், வித்தாரு. பஸ்ஸுன்னா என்கிட்ட இல்லியா? அந்தப் பொடவ மூட்ட என் வண்டில ஏற மாட்டேங்குது. உங்க ஓனரு அதையே சொல்லிகினு வெலய ஏத்தினாரு. மணியோட சேத்துதான் தருவேன்னாரு."

சீட்டு, ஸ்டெப்னி, ஹாரன், அதோடு நான். என் நாணயத்துக்கு விலை பேசியிருக்கிறார்கள், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல்.

முள்ளிப்பட்டில் சரோஜாக்கா மூட்டையோடு நின்றார். கண்ணாடியைப் பார்த்தார்.

"யாரு வண்டி இப்போ?"

"அவங்களுதுக்கா."

கொஞ்சம் யோசித்தார். "நீ கீறல்ல, போதும்" என்று மூட்டையை என் கையில் வைத்தார்.

தம்பிகளா, நாணயமாக இருங்கள், அது உங்களை நம்புகிறவர்களுக்காக. கம்பெனிக்காக மட்டும் சட்டையைக் கிழித்துக்கொள்ளாதீர்கள். ஓனர்கள் ராசியான அன்று ஸ்டிக்கர்காரருக்குப் போன் வந்தது. எனக்கு வரவில்லை.