விரல்மாட்டி

ஆர்டித் ஹெகன் போட்ட தையலைப் பார்த்தவர்கள் முதலில் இருமுவார்கள். சிரிப்பை அடக்க அதுதான் வழி.

ஒட்டுத்துணிப் போர்வையை மரச்சட்டத்தில் கட்டித் தைக்கும்போது, ஊசி மேல்துணி, பஞ்சு, அடித்துணி என்ற மூன்று அடுக்கையும் குத்தி இறங்கி ஓர் அரிசி நீளத்துக்குள் மேலே வந்துவிட வேண்டும். ஆர்டித்தின் ஊசி உள்ளே போனால் ஊர்சுற்றிவிட்டுத்தான் திரும்பும். நூல் மேலே நீளநீளமாகக் கிடக்கும். அந்த மாதிரித் தையலுக்கு எங்கள் ஐயோவா மாநிலத்துப் பெண்கள் வைத்த பெயர் விரல்மாட்டி. போர்வைக்குள் காலை நீட்டினால் கால்விரல் நகம் அதில் போய் மாட்டிக்கொள்ளும்.

கையில் ஒரு குறையும் கிடையாது. பனியில் வழுக்கும் ரோட்டில் பள்ளிக்கூட பஸ்ஸை ஓட்டி, ஒரு தலைமுறைப் பிள்ளைகளை ஒரு கீறல் இல்லாமல் வீடு சேர்த்த கை அது. ஊசியைப் பிடித்தால் மட்டும் மக்கர் பண்ணியது.

அவளாகத் தைக்கப் போனவளும் இல்லை. புருஷன் ஆர்வில் ஹெகன் சோளம் விதைக்கிற சமயத்தில் டிராக்டரிலேயே நெஞ்சு வலித்து இறந்துபோனார். மகன் அரிசோனாவில் இருந்தான். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணி அங்கே அடிக்கிற வெயிலைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிடுவான். வீட்டில் பிரிட்ஜ் ஓடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவளைத் தேடி, உருளைக்கிழங்கும் கறியும் அடுக்கிச் சுட்ட பாத்திரத்தோடு வந்தவள் வெர்லா.

வெர்லாதான் லுத்தரன் சர்ச் கீழ்த்தளத்துத் தையல் சட்டத்துக்கு ராணி. அவள் கையில் ஓர் அங்குலத்துக்குப் பத்துப் பன்னிரண்டு தையல் விழும். ஆர்டித்தைவிடக் கொஞ்சம் மூத்தவள். எடுப்பான ஆள்.

"செவ்வாக்கிழமை வந்துடு" என்றாள்.

"எனக்குப் பட்டன்கூடத் தைக்க வராது, வெர்லா."

"உன்னை யாரு தைக்கக் கூப்பிட்டா? காபி குடிக்க வா. கை சும்மா இருந்தா ஊசியைப் பிடிச்சுக்க."

ஆர்டித் போனாள். சட்டத்தின் ஒரு மூலையில் அவளுக்கென்று நாற்காலி போட்டார்கள். தையல் வரவில்லையே தவிர, பேச்சு வந்தது. பஸ்ஸுக்குள் ஆமையைக் கொண்டுவந்த பயலைப் பற்றி அவள் சொன்னால் ஊசிகளெல்லாம் அப்படியே நின்றுவிடும். வாரத்தில் மற்ற நாட்களை அவள் கழித்ததே அந்தச் செவ்வாய்க்கிழமைக்காகத்தான்.

முதல் குளிர்காலத்திலேயே விஷயம் தெரிந்துவிட்டது. சாயந்திரம் எல்லோரும் கிளம்பியபின், பலகாரம் கொண்டுபோன பாத்திரத்தை மறந்துவிட்டதால் ஆர்டித் திரும்பி வந்தாள். பாதிப் படி இறங்கும்போதே பேச்சுக் கேட்டது. வெர்லாவும் பெர்னீஸும் அவளுடைய மூலையில் குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். பெர்னீஸ் பேங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், வாய் கொஞ்சம் நீளம். சின்னக் கத்தரியால் ஆர்டித் அன்று தைத்ததை வெட்டி, நூலை உருவிக்கொண்டிருந்தார்கள்.

"இந்தப் பொம்பளை தைக்கிறாளா, வேலி கட்டுறாளா?" என்றாள் பெர்னீஸ்.

"வாயை மூடிக்கிட்டுப் பிரி" என்றாள் வெர்லா. "அவ காதுல மட்டும் விழுந்துது, உன் நாக்கையும் சேர்த்துப் பிரிச்சுடுவேன்."

பூனை மாதிரி படியேறி வெளியே வந்த ஆர்டித், காரில் உட்கார்ந்து அழுதாள். அவமானத்தில் அழுதாள், வேறொன்றும் இல்லை. இனி அந்தப் படியில் கால் வைப்பதில்லை என்று சத்தியம் பண்ணிக்கொண்டாள்.

அடுத்த செவ்வாய் காலையில் அவளுக்கு முன்னால் இரண்டு வழிகள்தான் இருந்தன. ஒன்று ரோஷம், இன்னொன்று காபி. போய்விட்டாள். வெர்லா பாத்திரத்தைக் கழுவித் துடைத்து வைத்திருந்தாள்.

"மறந்துட்டுப் போயிட்டியே?"

"ஆமா, மறந்துட்டேன்."

அதோடு சரி. அதன்பின் எத்தனையோ வருஷம் ஆர்டித் தைத்தாள், அவள் தலை மறைந்ததும் வெர்லா பிரித்துத் திரும்பத் தைத்தாள். ஆர்டித் வீட்டில் பழைய துணியை வைத்துக்கொண்டு பழகாமல் இல்லை. எவ்வளவு பழகியும் நூல் வேலியாகத்தான் ஓடியது. எங்கள் ஊரில் யாரும் யாரையும் முகத்துக்கு நேரே ஒன்றும் சொல்லிவிட மாட்டார்கள். குறையைச் சொல்வதைவிடக் குறையைத் திருட்டுத்தனமாகச் சரிசெய்வதுதான் மரியாதை என்று நினைக்கிறவர்கள் நாங்கள். அந்த மரியாதை எப்படி வலிக்கும் என்பது பட்டவளுக்குத்தான் தெரியும்.

போன இலையுதிர்காலத்தில் மாவட்டத்துப் போர்வைச் சங்கம் ஒரு காரியத்தில் இறங்கியது. அந்தக் காலத்தில் மாட்டுத்தீவன மூட்டைத் துணியை வெட்டித் தைத்த போர்வைகள், கல்யாணத்துக்குத் தைத்தவை, சாவு வீட்டுக்குத் தைத்தவை என்று எத்தனையோ பேர் வீட்டுப் பெட்டியில் பூச்சி அரித்துக் கிடந்தன. அவற்றையெல்லாம் சேர்த்துக் கண்ணாடிக்குள் வைக்க ஒரு கூடம் வேண்டும். கேக் விற்றால் கண்ணாடிக்குக்கூடக் காணாது. லைப்ரரியில் வேலை பார்க்கும் கெல்சி என்ற பெண் ஒரு யோசனை சொன்னாள். பெண்களுக்கு மட்டும் சிறுகதைப் போட்டி. நுழைவுக் கட்டணம் கூடத்துக்குப் போகும். கதையில் பெயர் போடக்கூடாது. ஜெயித்தவள் நவம்பர் விருந்தில் தன் கதையைத் தானே எல்லோர் முன்னாலும் படிக்கவேண்டும்.

அதே விருந்தில் சர்ச் பெண்கள் ஒரு புதுப் போர்வையைக் குலுக்கலில் விடுவதாக ஏற்பாடு. தலைநகரத்து அருங்காட்சியகத்திலிருந்து ஆட்கள் வந்து அதைப் பார்க்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும் வெர்லாவுக்குத் தூக்கம் போனது.

"ஆர்டித், நீ பஸ் கதை சொன்னா எங்களுக்குக் காபி மூக்குல ஏறுது. இந்தப் போட்டிக்கு நீ எழுதியே ஆகணும்" என்றாள்.

"நானா? எனக்கு மளிகைச் சீட்டு எழுதவே சோம்பல்."

"சமையக்கட்டுல அந்த மேசை சும்மாத்தானே கிடக்கு. செவ்வாக்கிழமை அங்க உக்காந்து நிம்மதியா எழுது. சட்டத்தை நாங்க பாத்துக்கறோம்."

அந்தப் போர்வையில் தன் ஊசி படக்கூடாது என்பது ஆர்டித்துக்குப் புரிந்துவிட்டது. அடுத்த வாரம் பார்த்தால், அவள் மூலையில் நாற்காலியே இல்லை. மற்ற நாற்காலிகளைக் கொஞ்சம் கொஞ்சம் நகர்த்தி, இடைவெளி தெரியாமல் அடைத்திருந்தார்கள். இத்தனை வருஷம் உட்கார்ந்த இடம் இருந்த சுவடே தெரியவில்லை.

சமையலறை மேசையில் உட்கார்ந்து ஆமைக் கதையை எழுதிப் பார்த்தாள். கதவுக்கு அந்தப் பக்கம் சட்டத்தைச் சுற்றிச் சிரிப்புச் சத்தம் கேட்டது. இங்கே ஆமை நகரவே மாட்டேன் என்றது. காகிதத்தைக் கசக்கிப் போட்டாள். அப்புறம் கோபத்தில் ஒரு வரி எழுதினாள். பின்னால் இன்னொரு வரி தானாக வந்தது. வெர்லாவை வில்மா ஆக்கினாள். ஊரைத் தூக்கிப் பக்கத்து மாநிலமான நெப்ராஸ்காவில் வைத்தாள். எங்கள் பக்கத்தில் எந்தத் தப்பையும் நெப்ராஸ்கா தலையில் கட்டிவிடுவது வழக்கம். முடிந்ததும் 'விரல்மாட்டி' என்று தலைப்பு வைத்தாள். கோபம் ஆறுவதற்குள் கட்டணத்தோடு அனுப்பியும் விட்டாள்.

மூன்று வாரம் கழித்து கெல்சி போன் பண்ணினாள். "மிசஸ் ஹெகன், நீங்கதான் முதல் பரிசு! படிச்சுட்டு நாங்க எல்லாரும் சிரிச்சோம், அப்புறம் அழுதோம்."

ஆர்டித் அவசரமாகக் குறுக்கிட்டாள். "அதைத் திருப்பிக் குடுத்துடும்மா."

"என்ன விளையாடறீங்களா? நோட்டீஸ் அடிச்சாச்சு. பஸ்ஸுல நான் அழுதப்போ, இறங்கித்தான் ஆகணும்னு என்னைப் பள்ளிக்கூட வாசல்ல இறக்கி விட்டவங்க நீங்க. இப்ப நீங்க பயப்படலாமா?"

பயம் மேடையைப் பற்றியதா என்ன! படித்தால் வெர்லாவுக்கு ஊர் முன்னால் தலைகுனிவு. அதோடு அந்த மூலை நாற்காலி போனது போனதுதான். கடைசி நாள்வரை பிரிட்ஜ் சத்தம்தான் துணை. படிக்காவிட்டால், பிறர் பிரித்துத் தைக்கிற தையலாகவே இருந்துவிட்டுப் போகவேண்டும்.

விருந்தன்று மண்டபத்தில் உட்கார இடமில்லை. பன்றிக்கறித் துண்டுகளும் பாலில் வெந்த உருளைக்கிழங்கும் காலியாகிக்கொண்டிருந்தன. மேடைக்குப் பின்னால் புதுப் போர்வை தொங்கியது, ஒரு தையல்கூடப் பிசகாமல். வெர்லா முன்வரிசையில் உட்கார்ந்து, போகிறவர் வருகிறவரிடமெல்லாம், "நான்தான் அவளை எழுதச் சொன்னேன்" என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தாள். அதைக் கேட்டுக்கொண்டே ஆர்டித் மேடை ஏறினாள்.

படித்தாள். 'தைக்கிறாளா, வேலி கட்டுறாளா' என்ற இடத்தில் மண்டபமே அதிரச் சிரித்தது. எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவள் பெர்னீஸ். பாதிச் சிரிப்பில் அவள் கை தானாக வாய்க்குப் போனது. திரும்பி வெர்லாவைப் பார்த்தாள். வெர்லா நிமிர்ந்து, ஆடாமல், தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆர்டித்தும் அதைப் பார்த்தாள். ஆனாலும் கடைசிவரை படித்தாள். "என் தையலுக்காக வில்மா உட்கார்ந்த அத்தனை சாயந்திரங்களைப்போல், என் பொருட்டு வேறு யாரும் தங்கள் நேரத்தைச் செலவழித்ததில்லை. அந்தக் கடனை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு தையலை, ஒரே ஒரு தையலையாவது அவள் விட்டுவைத்திருக்கலாம்."

எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். வெர்லாவும் எழுந்தாள். கோட்டை எடுத்துக்கொண்டு, விருந்தின் முடிவில் வைத்த பூசணிக்காய் இனிப்பைத் தொடாமலே வெளியே போய்விட்டாள். எங்கள் ஊரில் அந்த இனிப்பைச் சாப்பிடாமல் ஒருத்தி எழுந்து போகிறாள் என்றால், அதற்குமேல் ஒரு சண்டை கிடையாது.

செவ்வாய்க்கிழமை ஆர்டித் காரைச் சர்ச் வாசலில் நிறுத்திவிட்டு இறங்காமலே வெகுநேரம் இருந்தாள். அப்புறம், பஸ்ஸில் அழுத பிள்ளைகளிடம் சொன்னதைத் தனக்கே சொல்லிக்கொண்டு, எலுமிச்சைப் பலகாரப் பாத்திரத்தோடு படி இறங்கினாள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சட்டத்தில் அடுத்த போர்வை கட்டியிருந்தது.

வெர்லா ஊசியைக் கீழே வைத்தாள். "உனக்கு எப்பலேர்ந்துடி தெரியும்?"

"முதல் வருஷத்துலேர்ந்து."

"முதல் வருஷத்துலேர்ந்தா!" வெர்லாவின் குரல் கூரையைத் தொட்டது. "தெரிஞ்சுக்கிட்டே அப்படித் தைச்சியா? உனக்குத் தெரிஞ்சுடக் கூடாதேன்னு நான் இங்க முதுகு ஒடிய உக்காந்திருந்தேன். வீட்டுல அந்த மனுஷன் செவ்வாக்கிழமை தவறாம ஆறிப்போன சோறு தின்னாரு!"

"நான் சின்னதாத்தான் தைக்கப் பாத்தேன், வெர்லா. வரலை."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"நீ சொல்லியிருக்கலாம்ல?"

வெர்லாவுக்குக் கண் கலங்கியிருந்தது, அதையும் கோபமாகவே காட்டிக்கொண்டாள். பக்கத்து நாற்காலியில் இருந்த பெர்னீஸை முழங்கையால் இடித்தாள். "நகரு. அந்த மூலையில நாற்காலி போடு."

பெர்னீஸ் ஓடிப்போய் நாற்காலி கொண்டுவந்தாள். "ஆர்டித், அந்த வேலி விஷயம்..." என்று இழுத்தாள்.

"அதுக்குத்தான் நிறையப் பேர் சிரிச்சாங்க. பரிசுல பாதி உனக்குத்தான்" என்றாள் ஆர்டித். கீழ்த்தளமே சிரித்தது. வெர்லா சிரிக்கவில்லை. ஆனால் ஊசியில் நூலைக் கோத்து, ஆர்டித்தின் பக்கம் நீட்டினாள்.

சாயந்திரம் எல்லோரும் கோட்டை மாட்டினார்கள். வெர்லா எப்போதும்போல் பின்தங்கினாள். ஆர்டித்தின் மூலையில் வந்து நின்று, நீளநீளமாகக் கிடந்த வரிசையைப் பார்த்தாள். பார்ப்பதே அவளுக்கு உடம்பு வலிப்பதுபோல் இருந்தது. அப்புறம் சின்னக் கத்தரியைக் கைப்பைக்குள் போட்டு மூடினாள்.

"அப்ப இது?" என்றாள் பெர்னீஸ்.

"யாராவது வாங்கட்டும். காலை நீட்டட்டும். மாட்டினா மாட்டட்டும்." விறுவிறுவென்று எல்லோருக்கும் முன்னால் படியேறிப் போய்விட்டாள்.

அன்றும் ஆர்டித் பாத்திரத்தை விட்டுவிட்டுப் போனாள். மறந்தாளா, மறந்த மாதிரி வைத்துவிட்டுப் போனாளா என்பது அவளுக்கே வெளிச்சம். பெட்ரோல் பங்க் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தபோது சர்ச் வாசலில் ஒரு காரும் இல்லை. கீழே யாரும் இல்லை. விளக்கைப் போட்டுவிட்டுத் தன் மூலைக்குப் போய்க் குனிந்தாள். அவள் தைத்தது அப்படியே இருந்தது. மெல்லத் தடவிப் பார்த்தாள். விரல் நகம் மாட்டியது.