டின்னில் மிஞ்சிய சீட்டு

விரல் நீளமே உள்ள ஒரு கண்ணாடிக் குப்பி என்னிடம் இருக்கிறது. முன்பு அதில் காதுக்கு விடும் மருந்து இருந்தது. இப்போது சுருட்டி வைத்த காகிதத் துண்டு ஒன்று இருக்கிறது. பள்ளி நோட்டிலிருந்து கத்தரித்த கோடு போட்ட காகிதம். பிரித்தால் இரண்டே வரிகள். மேல் வரியில் மை கலைந்து நீலக் கறையாகிவிட்டது. கீழ் வரியை மட்டும் படிக்க முடிகிறது. இரண்டையும் எழுதியவள் நான்தான். பத்தொன்பது வயதில், ஒருவரை நாலு பேர் முன்னால் நோகடிக்க வேண்டும் என்ற ஒரே எண்ணத்தோடு எழுதினேன்.

நேற்று மத்தியானம் என் மருமகளின் அம்மா கிள்ளானிலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டார். எனக்குத் தூக்கம் கெட்டது. வருவதற்கு முன் ஒரு போன் பண்ணும் வழக்கமெல்லாம் உங்கள் பக்கம் இல்லையா என்று கேட்டுவிட்டேன். சிரித்துக்கொண்டேதான் கேட்டேன், என் சிரிப்பு எப்படிப்பட்டது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அந்த அம்மாள் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டார். மருமகள், “பரவால்ல லா அத்தை” என்றாள். மீதித் தேநீரைக் கொட்டிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இன்று காலை அலமாரியைத் திறந்து குப்பியை எடுத்தேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் மிஷனைச் சேர்ந்த ஒரு பெண்கள் விடுதிப் பள்ளி இருந்தது. ரயில்வே குடும்பத்துப் பிள்ளைகளும் கிள்ளான் பக்கத்துத் தோட்டப் பிள்ளைகளுமாக நாற்பது பேர் அங்கே தங்கிப் படித்தார்கள். நான் காஜாங்கிலிருந்து வந்து அங்கே கீழ் வகுப்புகளுக்கு டீச்சராகச் சேர்ந்திருந்தேன். பள்ளிக்கு மேலாளர் வெள்ளைக்கார மிஸ்ஸியம்மா. ஆனால் விடுதியின் அடுப்பு, அரிசி, கட்டில், கதவு எல்லாம் மேட்ரனம்மாவின் கையில். நாற்பது வயதுக்குள் இருக்கும். கணவர் ரயில்வேயில் வேலை பார்த்து இறந்துபோனவர். வெளுத்துக் கஞ்சி போட்ட வெள்ளைச் சேலை, இடுப்பில் சாவிக்கொத்து. அந்தச் சாவிக்கொத்தின் சத்தம் கேட்டால் சாப்பாட்டு அறையில் பிள்ளைகள் மெல்லுவதைக்கூட நிறுத்திவிடுவார்கள். பொய் சொல்ல மாட்டார், யாருக்கும் ஒரு பருக்கை குறைத்துப் போட மாட்டார். ஆனால் விதி என்று ஒன்றை எழுதி மாட்டிவிட்டால் ஆண்டவரே வந்தாலும் அசைய மாட்டார் என்று நாங்கள் கேலி பேசிக்கொள்வோம்.

பெற்றோர் வந்து பார்ப்பதற்கு மாதத்தின் முதல் சனிக்கிழமை என்று ஒரு விதி. அக்டோபர் மாதத்தில் ஒரு புதன்கிழமை காலை, வாசல் கம்பிக் கதவுக்கு வெளியே ஒருவர் வந்து நின்றார். என் வகுப்பின் ஜன்னல் வாசலைப் பார்த்தபடி இருந்ததால் எனக்கு எல்லாம் தெரிந்தது. மேரு பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பால் எடுக்கிறவர். தாயில்லாத ஒரே மகளை எங்களிடம் விட்டிருந்தார். கையில் ஒரு கட்டு ரம்புத்தான் பழம். மேட்ரனம்மா கதவைத் திறக்காமலே, சனிக்கிழமை வரச் சொன்னார். அவர் தலையைச் சொறிந்துகொண்டார். பிறகு, “சரிங்கம்மா, இத மட்டும் பாப்பாகிட்ட குடுத்துருங்க” என்று கம்பி வழியாகப் பழத்தைக் கொடுத்துவிட்டு நகர்ந்தார். மேட்ரனம்மா அதை ஒரு பழம் குறையாமல் அன்று மாலையே அந்தப் பெண்ணிடம் சேர்த்தார். பழத்துக்குத் தடை சொல்லும் விதி ஏதும் இல்லை.

அடுத்த சனிக்கிழமை வந்தது அந்தப் பெண்ணின் அப்பா இல்லை, அதே தோட்டத்தில் இருந்த அவருடைய உறவினர் ஒருவர். ரப்பர் விலை விழுந்து, தோட்டத்தில் பாதிப் பேரை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. அந்தப் புதன்கிழமைக்கு மறுநாளே அப்பாவைக் கப்பல் ஏற்றிவிட்டார்கள். மகளாவது இங்கே படிக்கட்டும் என்று விட்டுவிட்டு, சொல்லிக்கொண்டு போகத்தான் வந்திருக்கிறார். சாவிக்கொத்து வைத்திருந்த ஓர் அம்மாளிடம் அதையெல்லாம் எடுத்துச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அந்தப் பெண் அழவில்லை. ரம்புத்தான் விதைகளைக் கழுவித் தன் பெட்டியில் வைத்திருந்தாள். அவற்றை எடுத்து எண்ணிவிட்டு மறுபடி வைத்தாள்.  மேட்ரனம்மாவோ செய்தியைக் கேட்டு முகம் வெளுத்துப்போனாலும், ‘எனக்கு எப்படித் தெரியும்’ என்று மட்டும் சொல்லிவிட்டு அரிசி அளக்கப் போய்விட்டார். அன்றே நான் மனதில் கறுவிக்கொண்டேன்.

எங்கள் விடுதியில் ஒரு வழக்கம் இருந்தது. டிசம்பர் விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் முதல் ஞாயிறு, காலை ஜெபத்தில், எல்லோரும் ஆளுக்கொரு வாக்குத்தத்தச் சீட்டு எடுப்பார்கள். வேதத்தில் ஆண்டவர் கொடுத்த வாக்குகளைத் துண்டுக் காகிதத்தில் எழுதிச் சுருட்டி, பிஸ்கட் டின்னில் போட்டுக் குலுக்கி நீட்டுவோம். எடுத்தவர் எழுந்து நின்று வாசிக்க வேண்டும். அந்த வருஷம் முழுக்க அது அவருக்கு ஆண்டவர் சொன்ன சொல். என் கையெழுத்து குண்டு குண்டாக அழகாக இருக்கும் என்று எழுதும் வேலையை எனக்குத் தந்திருந்தார்கள். மேட்ரனம்மா எப்போதும் கடைசியில்தான் எடுப்பார். எல்லோரும் எடுத்தபின் டின்னில் மிஞ்சுவது எதுவோ அதுதான் அவர் பங்கு. அதை நான் பயன்படுத்திக்கொண்டேன்.

கல்லான இதயத்தை எடுத்துவிட்டுச் சதையான இதயத்தைத் தருவேன் என்று தீர்க்கதரிசி ஒருவர் வாயிலாக ஆண்டவர் சொன்ன வாக்கு உண்டு. காஜாங்கில் எங்கள் வீட்டில் உட்கார்ந்து அதை எழுதினேன். எனக்கு வேண்டியிருந்தது கல்லான இதயம் என்று வரும் முதல் வரிதான். பாதி வாக்கை எழுதினால் குட்டு உடைந்துவிடும் என்று கீழ் வரியையும் சேர்த்தேன். டின்னில் ஒரு சீட்டைக் குறைத்துப் போட்டு, இதை என் ரவிக்கைக் கை மடிப்பில் ஒளித்துக்கொண்டேன். அன்று காலையிலேயே புழுக்கம். நாற்பது பிள்ளைகளும் ஒவ்வொருவராக எடுத்து வாசித்து முடிக்க வெகுநேரமானது. கடைசியில் சீட்டை டின்னுக்குள் நழுவவிட்டு மேட்ரனம்மா முன் நீட்டினேன்.

அவர் பிரித்தார். சத்தமாக வாசித்தார். யாரோ ஒரு பெண் களுக்கென்று சிரித்து வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தத் தோட்டத் தொழிலாளியின் மகள் மட்டும் தலையைத் தூக்கவில்லை. மேட்ரனம்மாவின் கழுத்து நரம்பு புடைத்தது. இப்போது வெடிக்கும் என்று காத்திருந்தேன். அவர் மறுபடி ஒருமுறை வாசித்தார், இந்த முறை மெதுவாக. பிறகு “ஆமென்” என்று சொல்லி, சீட்டை முந்தானை நுனியில் முடிந்துகொண்டார். ஜெபம் முடிந்ததும் நேராக வெளியே போனார்.

அதற்குப் பிறகு ஒரே நாளில் ஆள் மாறிவிட்டார் என்று எழுதினால் அது பொய். அடுத்த வாரமே பால் பவுடர் திருடித் தின்ற ஒரு பெண்ணை அறைந்தார். ஆனால் அன்று சாயங்காலம் அவளைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டார். மேட்ரனம்மா மன்னிப்புக் கேட்பதைக் கண்ட அந்த ஒன்பது வயதுப் பிள்ளை, இன்னும் பெரிதாக ஏதோ வரப்போகிறது என்று பயந்து ஓவென்று அழுதாள். சமையல்காரர் சோற்றைக் குழைத்துவிட்ட நாளில் வசவு வாய்வரை வந்து நிற்பதைப் பார்த்தேன். கை தானாக முந்தானை முடிச்சுக்குப் போகும். ‘எங்கிட்ட இல்ல, ஆனா தர்றேன்னு சொல்லியிருக்காரு’ என்று முணுமுணுப்பார். அது வந்து சேர்ந்துவிட்டதுபோல அடுத்த காரியத்தைச் செய்வார். அதாவது குழைந்த சோற்றில் மோர் ஊற்றிக் கரைக்கச் சொல்லிவிட்டுப் போய்விடுவார். பல்லைக் கடித்துப் பொறுமையாக இருப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒருநாள் பல் உடையும். இவர் பல்லைக் கடிக்கவில்லை. சொன்னவர் தருவார் என்று கை நீட்டிக்கொண்டே நடந்தார். சில நாள் வெறுங்கையோடு திரும்புவார், மறுநாள் மறுபடி நீட்டுவார்.

மார்ச் மாதம் வாசல் விதி எழுதியிருந்த அட்டையைத் தானே கழற்றினார். கதவுக்கு உள்பக்கம் ஒரு நாற்காலியும் தண்ணீர்க் கூஜாவும் வந்தன. அந்தத் தோட்டத்துப் பெண்ணுடைய அப்பாவின் ஊர் விலாசத்தை அந்த உறவினரிடம் வாங்கி, மாதம் ஒரு கடிதம் எழுதினார். ஒரு பக்கம் மகள் எழுதுவாள், மறு பக்கம் இவர். ஆகஸ்டில் அப்பாவின் பதில் வந்தது, அவர் சொல்லச் சொல்ல யாரோ எழுதிக் கொடுத்தது. ‘அந்தப் புதன்கிழமை ரயிலுக்கு நேரம் இருந்ததால் வாசலுக்கு எதிர்ப்பக்கத் தூங்குமூஞ்சி மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன், உள்ளே பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லும் சத்தம் கேட்டது, எது என் மகள் குரல் என்று பிரித்துத் தெரியவில்லை, அதனால் எல்லாக் குரலையும் கேட்டுவிட்டு வந்தேன்’ என்று எழுதியிருந்தார். மேட்ரனம்மா அதைச் சாப்பாட்டு அறையில் நின்றபடியே வாசித்து, எல்லோர் முன்னாலும் அழுதார். நான் அங்கே நிற்க முடியாமல் வெளியே வந்துவிட்டேன். அந்த வாய்ப்பாட்டைச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தவள் நான். அந்தப் பெண் முதல் வரிசையில் இருந்தாள். அவளுடைய அப்பாவை ஜன்னல் வழியாகப் பார்த்தபடியேதான் ஏழாம் வாய்ப்பாட்டை நடத்தி முடித்தேன். ஓடிப் போய்ப் பார்த்துவிட்டு வா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாசல் என் வேலை இல்லை என்று இருந்துவிட்டேன்.

அதன்பிறகு அந்த முந்தானை முடிச்சை என்னால் பார்க்க முடியவில்லை. ஆண்டவர் தந்தது என்று அவர் முடிந்துவைத்திருப்பது என் வன்மம். சொல்லாவிட்டால் நான் ஏமாற்றுக்காரி. சொன்னாலோ, இத்தனை மாதம் ஒரு குறும்புக்காரியின் காகிதத்தையா நம்பினேன் என்று அவர் உடைந்துபோவார். பழைய மேட்ரனம்மா திரும்பி வருவார், நாற்காலி உள்ளே போகும், அட்டை வெளியே வரும். வேலை போய்விடும் என்ற பயமும் இருந்தது, அதை மறைப்பானேன். மூன்று நாலு மாதம் இப்படியே போயிற்று.

டிசம்பரில் விடுமுறைக்கு முந்தின வாரம், மழை கொட்டிய ஒரு மத்தியானம், அடுத்த வருஷச் சீட்டுகளுக்காகச் சாப்பாட்டு அறையில் காகிதம் கத்தரித்துக்கொண்டிருந்தேன். மேட்ரனம்மா எதிரே உட்கார்ந்து, அவராகவே துண்டுகளை அடுக்கிக் கொடுத்தார். என்னால் முடியவில்லை. கத்தரியை வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். கை மடிப்பு, டின், கோபம், ஜன்னல், ஒன்று விடாமல் சொன்னேன். அவர் காகிதம் அடுக்குவதை நிறுத்தவே இல்லை.

“தெரியும்,” என்றார். “மத்த சீட்டெல்லாம் காய்ஞ்சு மொறமொறன்னு இருந்துச்சு. அது ஒண்ணுதான் ஒன் வேர்வையில நனைஞ்சு, மேல் வரி மை கலைஞ்சிருந்துச்சு. அன்னைக்கே ஒன்ன வேலைய விட்டு அனுப்பச் சொல்றதுக்கு மிஸ்ஸியம்மா ஆபீஸ் வாசப்படி வரைக்கும் போனேன்.”

ஏன் திரும்பினீர்கள் என்று நான் கேட்கும் முன்பே அவரே சொன்னார்.

“படியில நின்னு இன்னொரு தடவ பிரிச்சுப் பாத்தேன். உள்ள போனா மேல் வரி நெசமாயிரும். சரி, கீழ் வரிய நம்பிப் பாப்போம்னு திரும்பிட்டேன். நீ கோவத்துலதான் எழுதுன. ஆனா வாக்குக் குடுத்தது நீ இல்லயே டீச்சர். குடுத்தவரு கோவத்துல குடுக்கல.”

பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்தார். ஒரு வருஷ வேர்வையில் மேல் வரி முழுக்கக் கறையாகியிருந்தது. டின்னில் போட்டுவிடட்டுமா என்று கேட்டேன். அவர் என் கையை இழுத்து உள்ளங்கையில் வைத்து மூடினார். “எனக்குக் கொஞ்சம் வந்துருச்சு. இப்ப ஒனக்குத்தான் வேணும்” என்று சொல்லிவிட்டு, அந்த வருஷத்தில் நான் முதல்முறையாகப் பார்த்த ஒரு குறும்புச் சிரிப்புச் சிரித்தார். நான் நோகடிக்க எழுதியதையே எனக்குத் திருப்பிக் கொடுத்தார், ஆனால் நோகவில்லை.

மேட்ரனம்மா போய்ச் சேர்ந்து வெகுகாலமாகிறது. விடுதி இருந்த இடத்தில் கடைகளும் அடுக்கு வீடுகளும் வந்துவிட்டன. அந்தத் தோட்டத் தொழிலாளியின் மகள் படித்து நர்ஸ் ஆனாள்; அப்பாவைப் பார்க்க ஒருமுறை கப்பலேறிப் போய் வந்தாள். நானும் டீச்சராக இருந்து, தலைமையாசிரியையாகி, ஓய்வு பெற்று, ஊருக்கெல்லாம் புத்தி சொல்லும் வயதுக்கு வந்துவிட்டேன். வாக்கு முழுக்க என்னிடம் வந்து சேர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். சொன்னால் என் மருமகள் சிரிப்பாள். நேற்று வாசலுக்கு வந்த ஒருத்தியைச் சாவிக்கொத்து இல்லாமலே திருப்பி அனுப்பியவள் நான்.

சீட்டை மறுபடி சுருட்டிக் குப்பிக்குள் வைத்தேன். அடுக்களைக்குப் போய், கிள்ளானுக்குப் பத்து மணி பஸ் இன்னும் ஓடுகிறதா என்று மருமகளிடம் கேட்டேன். அவள் பாத்திரம் தேய்ப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். எதற்கு என்றாள். ஒங்க அம்மா தேநீரைப் பாதியில வச்சிட்டுப் போனாங்க, மீதிய அவங்க வீட்டுல உக்காந்து குடிச்சிட்டு வரலாம்னு பாக்குறேன் என்றேன். முன்கூட்டியே போன் பண்ணிச் சொல்லட்டுமா என்று கேட்டாள். வேண்டாம், சொல்லாமல் கொள்ளாமல்தான் போக வேண்டும் என்றேன்.